மாலுமியின் கட்டில் எங்கே இருக்கிறது?

2024 ஜனவரி கடைசியில் மயாமி துறைமுகத்திலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்ட கப்பல். அறைக்கு இருவர் என்று வைத்தால் 5,610 பயணிகள். எல்லாக் கட்டில்களும் நிரம்பினால் 7,600 பேர். இவர்களுக்குச் சமைத்துப் போட்டு, அறையைத் துடைத்து, மேடையில் ஆடிப் பாடி, எஞ்சினையும் பார்த்துக்கொள்ள 2,350 ஊழியர்கள் இருக்கிறார்கள். பயணியின் கையில் கொடுக்கும் வரைபடத்தில் நீச்சல் குளம், பனிச்சறுக்குத் திடல், ஐஸ்கிரீம் கடை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். இந்த 2,350 பேர் தூங்கும் இடம் அதில் இருக்காது.

அந்த இடத்தைத் தேடிப் போவதுதான் இந்த அத்தியாயம். ஒரு கப்பலில் யாருடைய கட்டில் எங்கே போடப்படுகிறது என்பதைக் கடலின் இயற்பியல், வேலையிடத்துக்கு ஓடிவர ஆகும் நேரம், சன்னலுக்குக் கிடைக்கும் விலை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சட்டம் கடைசியாக வந்து, ‘இதற்குக் கீழே போகாதே’ என்று ஒரு கோடு போடுகிறது.

அணியத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு

பாய்மரக் காலத்தில் கப்பலைத் திருப்பும் சக்கரம் பின்முனையில் இருந்தது. கட்டளை இடுபவர்கள் அதற்கு அருகில் இருக்க வேண்டும் என்பதால் கேப்டனும் அதிகாரிகளும் பின்பகுதியில் குடியிருந்தார்கள். அலை நேராக வந்து அறையும் முன்முனை, நம் கடற்கரை மக்கள் அணியம் என்று சொல்லும் பகுதி, சாதாரண மாலுமிகளுக்கு ஒதுக்கப்பட்டது. நீராவிக் கப்பல் வந்ததும் கட்டளை மேடை முன்னால் நகர்ந்து உயரத்துக்கு ஏறியது. அதிகாரிகளும் அதோடு சேர்ந்து மேலே ஏறினார்கள். மாலுமிகள் அணியத்திலேயே தங்கிவிட்டார்கள்.

1912-இல் மூழ்கிய டைட்டானிக்கில் இந்த ஏற்பாட்டை அப்படியே பார்க்கலாம். கேப்டனின் அறைகள் படகுத் தளத்தில், சுக்கான் அறையை ஒட்டி இருந்தன. உலைக்குக் கரி தள்ளியவர்கள் முன்முனையின் அடுக்குகளில் படுத்திருந்தார்கள். அங்கிருந்து சுழல் படிக்கட்டில் அடிமட்டம் வரை இறங்கி, ஒரு சுரங்க வழியாக நடந்து கொதிகலன் அறைக்குப் போவார்கள். பனிப்பாறை கிழித்தது முன்பகுதியைத்தான். கடல்நீர் முதலில் புகுந்த பகுதிகளில் அவர்களுடைய படிக்கட்டும் ஒன்று.

அதே காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் ‘லஸ்கர்’ என்ற பெயரில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளின் நிலை இன்னும் ஒரு படி கீழே இருந்தது. ஐரோப்பிய மாலுமிக்குத் தந்ததைவிடக் குறைந்த கூலியும் குறைந்த இடமும்தான் அவர்களுக்குக் கிடைத்தன.

1949-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மாலுமிகளின் குடியிருப்புக்காக ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. படுக்கையறைகள் கப்பலின் நடுவிலோ பின்பகுதியிலோ, பளுக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். முன்முனையில் உள்ள மோதல் தடுப்புச் சுவருக்கு அப்பால் எந்த நிலையிலும் இருக்கக் கூடாது என்றது. கப்பல் எதன் மீதாவது மோதினால் முதலில் நசுங்குவது அந்தச் சுவருக்கு முன்னால் உள்ள பகுதிதான். அதே ஒப்பந்தத்தில் பயணிகள் கப்பலுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. வெளிச்சமும் காற்றோட்டமும் திருப்தியாக இருந்தால், அங்கே மாலுமிகளின் படுக்கையறையைப் பளுக்கோட்டுக்குக் கீழேயும் வைக்கலாம். முழுச் சுமையோடு மிதக்கும் கப்பலில் அந்தக் கோடு ஏறக்குறைய கடல்மட்டம். 2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் அந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது. சொகுசுக் கப்பல் ஊழியர்களின் வாழ்க்கையில் பாதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

கடலின் கணக்கு

கீழே தூங்குவது கெடுதலா? ஆட்டத்தை மட்டும் பார்த்தால், இல்லை.

கப்பலின் முன்முனை ஏறிப் பின்முனை இறங்கும் ஆட்டம், நடுப்பகுதியில் உள்ள ஓர் அச்சைச் சுற்றி நடக்கிறது. 365 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒரு பாகை மட்டும் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 180 மீட்டர் தள்ளி முன்முனையில் படுத்திருப்பவர் ஏறக்குறைய 3 மீட்டர் மேலே தூக்கப்படுவார். நடுவில் இருப்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார். இடம் வலமாக உருளும் ஆட்டமும் இப்படித்தான். அதன் அச்சு நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2 பாகை உருண்டால், அச்சிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் உள்ள ஆடம்பர அறை 1.4 மீட்டர் பக்கவாட்டில் நகரும். 5 மீட்டர் தொலைவில் உள்ள ஊழியரின் அறை 17 சென்டிமீட்டர்தான் நகரும்.

கடல் குமட்டலுக்கு முக்கியக் காரணம் மேலும் கீழுமான மெதுவான அசைவு. ஓர் ஏற்ற இறக்கம் ஐந்து, ஆறு நொடிகளில் முடியும் வேகத்தில்தான் மனித உடல் அதிகம் தடுமாறுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆகவே புயல் நாளில் கப்பலின் அடிவயிற்றில், நடுவில் கட்டில் கிடைத்தவர் கொடுத்து வைத்தவர். அதே அடித்தளத்தில் முன்முனைக்குப் பக்கத்தில் கட்டில் கிடைத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள்.

சன்னலின் விலை

ஆட்டம் குறைவு என்பதற்காக யாரும் ஊழியர்களைக் கீழே வைக்கவில்லை. கப்பல் மிதக்க வேண்டுமானால் நீருக்குள் ஒரு பெரிய உடல் இருந்தே தீர வேண்டும். எஞ்சின், எரிபொருள் தொட்டி, நன்னீர்த் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, சலவைக்கூடம், உணவுக் கிடங்கு ஆகியவை போக அங்கே இடம் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் சன்னல் வைக்க முடியாது. சன்னல் வைக்க முடியாத இடத்தைப் பயணிக்கு நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.

1984-இல் வந்த ‘ராயல் பிரின்சஸ்’ கப்பலில் பயணிகளின் அறைகள் அத்தனையும் வெளிப்புறம் பார்த்தவை. அதற்குப் பிறகு பால்கனி வைத்த அறை இந்தத் தொழிலின் முக்கிய வருமானமாக மாறியது. கப்பலின் வெளிச்சுவரில் ஒவ்வொரு மீட்டருக்கும் விலை உண்டு என்று ஆனபின், ஊழியருக்கு அதில் ஒரு மீட்டர் ஒதுக்குவதும் அந்த அளவுக்கு வருமானத்தை விட்டுக்கொடுப்பதும் ஒன்றுதான். அதனால்தான் நீர்மட்டத்தை ஒட்டிய வரிசையில் வட்டச் சன்னல் உள்ள கேபின் கிடைத்தாலே ஊழியர்கள் அதைப் பதவி உயர்வு போலப் பேசுகிறார்கள். அந்தச் சன்னலைத் திறக்க முடியாது. கடல் கொந்தளித்தால் உட்புறத்தில் உள்ள இரும்பு மூடியைப் போட்டு இறுக்கிவிடுவார்கள்.

ஐ-95 என்ற நெடுஞ்சாலை

பயணிகள் நடமாடும் பகுதியில் ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய கதவு ஒன்றைத் தள்ளித் திறந்தால் கம்பளம் முடிந்துவிடும். வழுக்காத தரை, வெள்ளைச் சுவர், தலைக்கு மேலே மூடப்படாத குழாய்கள். படியில் இறங்கினால் கப்பலின் முனையிலிருந்து முனை வரை போகும் ஓர் அகன்ற நடைபாதை வரும். அமெரிக்கக் கப்பல்களில் அதற்கு ‘ஐ-95’ என்று பெயர். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக மயாமியிலிருந்து வடக்கே ஓடும் நெடுஞ்சாலையின் பெயர் அது. ‘குயின் மேரி 2’ கப்பலில் இதை ‘பர்மா ரோடு’ என்கிறார்கள். டைட்டானிக்கிலும் இப்படி ஒரு பாதை இருந்தது. ஊழியர்கள் அதை லிவர்பூல் நகரத் தெருவின் பெயரால் ‘ஸ்காட்லாந்து ரோடு’ என்றார்கள். அதிகாரிகள் லண்டனின் ‘பார்க் லேன்’ பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஒரே நடைபாதைக்கே பதவி வாரியாக இரண்டு பெயர்.

துறைமுக நாளில் ஐ-95-இல் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்காது. முட்டை அட்டைகளும் அரிசி மூட்டைகளும் ஏற்றிய பலகைகள் ஒரு பக்கம் வரும்; அழுக்குத் துணி வண்டிகள் எதிர்ப்பக்கம் போகும். பணிக்காலம் முடிந்து, ‘சைன் ஆஃப்’ ஆகி ஊர் திரும்புபவர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடுவில் போவார்கள். ஊழியர்கள் சாப்பிடும் க்ரூ மெஸ், பயிற்சி அறை, பணியாளர் அலுவலகம், க்ரூ பார் எல்லாம் இந்தப் பாதையில் அல்லது அதற்கு ஒரு தளம் மேலே கீழே இருக்கும். படுக்கையறை வேலைப் பாதைக்கு நேர் கீழே இருக்கக் கூடாது என்று ஒப்பந்தம் தனியாகச் சொல்வது இதனால்தான். வண்டிச் சக்கரம் உருளும் தரை, இன்னொருவர் தூங்கும் அறையின் கூரையாக இருக்கக் கூடாது.

இந்தப் பாதை பெரும்பாலும் நீர்புகாத் தடுப்புச் சுவர்கள் எட்டும் உச்சித் தளத்தில் அமைகிறது. அதற்குக் கீழே கப்பலின் உடல் குறுக்குச் சுவர்களால் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாது. பல கப்பல்களில் அங்கே குடியிருப்பவருக்கு இதன் விளைவு விசித்திரமானது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மீட்டரில் இருக்கும் நண்பரைப் பார்க்க, படியேறி ஐ-95-க்கு வந்து, நடந்து, வேறு படியில் இறங்க வேண்டும்.

இடையில் நீர்புகாக் கதவு இருந்தால் வழி சுருக்கம்தான். ஆனால் அது பக்கவாட்டில் சறுக்கி மூடும் கனமான இரும்புக் கதவு. ஆளை நசுக்கும் பலம் அதற்கு உண்டு. ஆபத்து வந்தால் இத்தகைய கதவுகள் அனைத்தையும் கட்டளை மேடையிலிருந்து 60 நொடிக்குள் ஒரே நேரத்தில் மூட முடிய வேண்டும் என்பது சர்வதேச விதி. அப்படி மூடிய பிறகு உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு நீர்புகா அறைக்கும் இரண்டு வெளியேறும் வழிகள் கட்டாயம். அவற்றில் ஒன்றாவது இந்தக் கதவுகளை நம்பாமல் நேராக மேலே ஏற வேண்டும். புகையில் தவழ்ந்து வருபவருக்குத் தெரியும்படி தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஒளிரும் பட்டையும் ஒட்டியிருக்க வேண்டும். ஆபத்துக் கால ஒத்திகையான ‘போட் டிரில்’ நாளில் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பார்க்கும் பழக்கம் உள்ளவரை மற்றவர்கள் கேலி செய்யலாம். அவர் செய்வதுதான் சரி.

கேப்டன் ஏன் மேலே இருக்கிறார்?

கப்பலில் வேலை பார்ப்பவர்களை மூன்றாகப் பிரிப்பார்கள். தோளில் பட்டை உள்ள அதிகாரிகள். பாடகர், நடனக்காரர், கடைக்காரர், அழகு நிலையத்தார் அடங்கிய ஸ்டாஃப். பரிமாறுபவர், அறை பராமரிப்பவர், சமையலர், தளத்திலும் எஞ்சினிலும் உழைப்பவர் அடங்கிய க்ரூ. கட்டிலும் இந்த வரிசையில்தான் கீழிறங்குகிறது.

கேப்டன் கட்டளை மேடையை ஒட்டிக் குடியிருப்பதற்கு மரியாதை ஒரு காரணம் என்றால், நேரம் அதைவிடப் பெரிய காரணம். இரவு இரண்டு மணிக்கு எதிரே ஒரு கப்பல் திசை மாறினால் அவர் சில நொடிகளில் வந்து நிற்க வேண்டும். லிஃப்ட்டை நம்பி இருக்க முடியாது. தலைமைப் பொறியாளருக்கு இந்த நெருக்கம் சாத்தியம் இல்லை. எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வராது. மேலே படுத்தால் தூரம். அந்தத் தூரத்தை மின்கம்பி நிரப்புகிறது. எஞ்சின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அடிக்கும் அபாய மணி, பொறியாளர்களின் குடியிருப்பில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது விதி. கேப்டன், தலைமைப் பொறியாளர், தலைமை வழிசெலுத்தும் அதிகாரி ஆகிய மூவருக்கும் படுக்கையறையை ஒட்டி ஓர் உட்காரும் அறையும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயமாக்குகிறது. கீழ்நிலை அதிகாரிக்குச் சிறிய தனியறை. ஸ்டாஃப், க்ரூ இரண்டு பிரிவினரும் பெரும்பாலும் அறைத்தோழரோடுதான்.

எண்பது சதுர அடி

இப்போது க்ரூ கேபின் ஒன்றின் கதவைத் திறப்போம். பயணிகள் கப்பலில் இருவர் தங்கும் அறைக்கு ஒப்பந்தம் சொல்லும் குறைந்தபட்சப் பரப்பு 7.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 80 சதுர அடி. கட்டிலும் அலமாரியும் நாற்காலியும் அடைக்கும் இடமும் இதற்குள் அடக்கம். ஒருவர் பங்கு 40 சதுர அடி. நம் வீட்டுப் பெரிய இரட்டைக் கட்டிலின் அளவு. நால்வர் அறை என்றால் 14.5 சதுர மீட்டர்.

கட்டில் 198 சென்டிமீட்டர் நீளம், 80 அகலம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டுக்கு மேல் கூடாது. கீழ்க் கட்டில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேல் கட்டில், கீழ்க் கட்டிலுக்கும் கூரைக்கும் சரிபாதியில் இருக்க வேண்டும். குறைந்தபட்சமாகக் கேட்கப்படும் கூரை உயரம் 203 சென்டிமீட்டர். அந்த அளவோடு நிறுத்திக்கொண்ட அறையில் கணக்குப் போட்டால் தட்டுக்கு 86 சென்டிமீட்டர் வரும். மெத்தையின் தடிமனைக் கழித்தால், சராசரி உயரம் உள்ள ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். ஆகவே க்ரூ கேபினில் கட்டில் என்பது படுப்பதற்கு மட்டும். புத்தகம் படிப்பது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் படுத்தபடியேதான். ஒரு துணித்திரைதான் தனிமை. ஆளுக்கு 475 லிட்டர் கொள்ளளவுள்ள துணி அலமாரியும் 56 லிட்டர் இழுப்பறையும் சட்டப்படி உண்டு. பல மாத வேலை ஒப்பந்தத்துக்கான உடைமைகள் அவற்றுக்குள் அடங்க வேண்டும்.

ஓசையும் இருட்டும்

ஓசை காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது; எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். எஃகு அதிர்வை எளிதில் விழுங்குவதும் இல்லை. அதனால் கப்பலில் ஓசை காற்றைவிடச் சுவர் வழியாகத்தான் நெடுந்தூரம் வருகிறது. விடியற்காலையில் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது முன்முனையை இடம் வலமாகத் தள்ளும் பக்க உந்திகள் இயங்கத் தொடங்கும். அவற்றின் மேல் தளத்தில் தூங்குபவருக்கு அலாரம் தேவைப்படாது. 2014 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஓசை விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட புதிய கப்பல்களில் கேபினுக்குள் 55 டெசிபல் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதற்காகத் தரைக்கும் இரும்புத் தளத்துக்கும் இடையே கனிமக் கம்பளி பரப்பி, தரையை இரும்பிலிருந்து பிரித்துவிடுகிறார்கள்.

இருட்டுக்கு இப்படிக் கம்பளி போட முடியாது. நம் உடலுக்குள் ஓடும் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலான சுற்றைக் கொண்டது. கண்ணின் விழித்திரையில் வெளிச்சத்தின் அளவை மட்டும் உணரும் தனி நரம்புச் செல்கள், பகல் ஒளியைக் கொண்டு அதைத் தினமும் திருத்துகின்றன. சன்னலற்ற கேபினில் எழுந்து, சன்னலற்ற நடைபாதையில் நடந்து, சன்னலற்ற சமையலறையில் வேலை செய்பவருக்கு இந்தத் திருத்தம் சரிவர நடப்பதில்லை. காலை ஆறும் மாலை ஆறும் அவருக்கு ஒரே குழல்விளக்கு வெளிச்சம்தான்.

இதோடு வேலை நேரமும் துண்டு துண்டாக இருக்கும். நாளொன்றுக்கு 10 மணி நேர ஓய்வு என்று விதி சொல்கிறது. அதை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். மூன்று வேளையும் பரிமாறுபவர் இரவில் ஆறு மணி நேரம் படுத்து, மீதியைப் பிற்பகலில் தூங்கித் தீர்க்கிறார். அந்த நேரத்தில் அறைத்தோழர் விளக்கைப் போட்டால் தூக்கம் போயிற்று. இரவுக் காவலில் இருப்பவரையும் பகல் வேலைக்காரரையும் ஒரே அறையில் போடாதீர்கள் என்று ஒப்பந்தத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ‘முடிந்தவரை’ என்ற சொல்லும் அதில் இருக்கிறது.

யோகோஹாமாவில் தெரிந்த உண்மை

2020 பிப்ரவரியில் கொரோனா தொற்று காரணமாக ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ சொகுசுக் கப்பல் நிறுத்திவைக்கப்பட்டது. பயணிகள் அவரவர் அறைக்குள் இருக்கச் சொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேருடைய கேபின்கள் ஒரே தளத்தில், உணவுப் பிரிவினர் குடியிருக்கும் மூன்றாம் தளத்தில் இருந்தன. சேர்ந்து வேலை செய்து, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து தூங்குபவர்களிடையே கிருமி எப்படிப் போகும் என்பதற்கு வேறு வரைபடம் தேவையில்லை. பயணிகளும் ஊழியர்களுமாக அந்தக் கப்பலில் மொத்தம் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது.

அதே ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தன் கடற்பகுதியில் நின்ற கப்பல்களின் ஊழியர்களைத் தனிக் குளியலறை உள்ள கேபின்களுக்கு, ஆளுக்கொன்றாக மாற்றச் சொன்னது. பயணிகள் இல்லாத கப்பல்களில் பரிமாறுபவர்களும் அறை பராமரிப்பவர்களும் மேல்தளங்களுக்கு ஏறினார்கள். பலருக்குப் பால்கனி அறை கிடைத்தது. பயணிகள் திரும்பியதும் கீழே இறங்கினார்கள்.

ஆகவே ஊழியரைக் கடல்மட்டத்துக்குக் கீழே, இருவர் ஓர் அறையில் படுக்க வைக்கும்படி எந்த இயற்பியல் விதியும் கட்டாயப்படுத்தவில்லை. சரக்குக் கப்பலில் மாலுமிக்குத் தனியறை தருவதுதான் ஒப்பந்தத்தின் பொது விதி. பயணிகள் கப்பலுக்கு அதிலிருந்தும் விலக்கு. பளுக்கோட்டுக்குக் கீழே படுக்க வைக்க அனுமதி தருவதோ, கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாடு. மயாமியிலிருந்து புறப்படும் ஐகான் பறக்கவிடுவது பஹாமாஸ் கொடி.

சொகுசுக் கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் தம்பி, தங்கைகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. இந்தியா இந்தக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை 2015-இல் ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் முகவர் கட்டணம் வாங்குவதை அது தடை செய்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே உங்களுடையது. கையெழுத்துப் போடுமுன் சம்பளத்தைக் கேட்பது போலவே, அறையில் எத்தனை பேர், எந்தத் தளம், குளியலறை எத்தனை பேருக்குப் பொது என்றும் கேளுங்கள். கப்பல் ஏறியதும், இந்த ஒப்பந்தப்படி கப்பலுக்குத் தரப்பட்ட கடல்சார் தொழிலாளர் சான்றிதழைத் தேடிப் படியுங்கள். அதன் நகலை ஊழியர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைப்பது கப்பலின் கடமை.